பிரீமியம் வாங்க ஒரு சட்டம், நஷ்டஈடு கொடுக்க ஒரு சட்டமா?

2024 ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை, ஷிப்டு முடிந்து பஞ்சு தூசு தலையில் படிந்திருக்க, ஒரு பஞ்சாலைத் தொழிலாளி நமது ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு தாள். முழுதும் இங்கிலீஷ். "அண்ணாச்சி, இதுல கையெழுத்துப் போட்டாத்தான் பணமாம். போடலாமா?" என்று கேட்டார்.

வாங்கிப் படித்தேன். "ரூ. 51,333 முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொள்கிறேன். இந்த நஷ்டம் சம்பந்தமாக இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது" என்பது அதன் சாராம்சம்.

"உமக்கு முழுத் திருப்தியா?" என்று கேட்டேன்.

மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன சிரிப்பு என்று.

தோழர்களே! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலே பிரயாணிகளோடு மாட்டிக்கொண்டது. அந்த வெள்ளத்தில் இவருடைய இரண்டு அறை வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. பக்கச் சுவர் பிளந்தது. தளம் இறங்கியது. மனைவியின் தையல் மிஷின், கட்டில், பீரோ, கையில் காசு சேர்த்து வாங்கிய பிரிஜ், எல்லாம் சேறு.

வீடு பாங்குக் கடனில் வாங்கியது. கடன் கொடுத்த அன்றே பாங்கு ஒரு இன்ஷூரன்சும் போட்டிருக்கிறது. பிரீமியத்தை இவருடைய கணக்கிலிருந்துதான் பிடித்திருக்கிறது. ஆனால் பாலிசி எங்கே? பாங்கின் பீரோவில்! இவருக்கு ஒரு நகல் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வெள்ளம் வடிந்து ஐந்து வாரம் கழித்து, தவணை கட்ட அவகாசம் கேட்டுப் போன இடத்தில், ஒரு குமாஸ்தா புண்ணியவான் வாய்தவறிச் சொன்ன பிறகுதான் தனக்கு இன்ஷூரன்ஸ் இருப்பதே இவருக்குத் தெரிந்தது. மனு எழுதிக் கொடுத்தார். கம்பெனியின் முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏன் இத்தனை தாமதம்? நஷ்டம் நடந்தவுடன் தெரிவித்திருக்க வேண்டாமா?"

பாலிசியை மறைத்து வைத்தவன் குற்றவாளி இல்லையாம். மறைத்து வைக்கப்பட்டவன் குற்றவாளியாம்!

சர்வேயர் வந்தார்

நஷ்டத்தை மதிப்பிட சர்வேயர் என்று ஒருவர் வருவார். லைசென்ஸ் பெற்றவர், நடுநிலையானவர் என்று காகிதம் சொல்கிறது. ஆனால் அவரை அனுப்புகிறவன் கம்பெனி. அவருக்குக் கூலி கொடுக்கிறவனும் கம்பெனி. அடுத்த வேலையைக் கொடுக்கப்போகிறவனும் அதே கம்பெனி. மில்லில் நெய்த துணியில் குறை காண்கிறவனுக்கு முதலாளிதான் சம்பளம் தருகிறான் என்றால், அவன் யாருக்குக் குறை காண்பான் என்று நமது தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா சர்வேயரும் அயோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன். ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

மனு கொடுத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்று அப்போது அமுலில் இருந்த 2017-ஆம் வருட விதி சொன்னது. இவர் வீட்டுக்கு சர்வேயர் வந்தது 19-ஆம் நாள். கால் மணி நேரம் இருந்தார். செல்போனில் நாலு படம் எடுத்தார்.

"தையல் மிஷின் வாங்கிய பில் இருக்கா?"

"பில்லு தண்ணியோட போயிட்டு சார்."

"அப்ப எப்படி நம்புறது?"

துருப்பிடித்த மிஷின் கண்ணெதிரே நிற்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு நிற்கிறது. இரண்டையும் நம்ப முடியாதாம், காகிதத்தைத்தான் நம்புவாராம்! வெள்ளம் வந்தபோது முதலில் பில்லை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அப்புறம் பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும் போலும்.

கடைசியில் அந்தக் கேள்விக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. பாங்கு போட்ட பாலிசி கட்டிடத்துக்கு மட்டும்; உள்ளே இருந்த சாமானுக்கு ஒரு காசு கிடையாது என்று தெரிந்தது. பாங்குக்கு அடமானம் கட்டிடம்தானே? தையல் மிஷின் இல்லையே!

கட்டிடத்துக்குக் கொத்தனார் போட்ட கணக்கு ரூ. 1,10,000. கம்பெனி அதை எப்படி 51,333 ஆக்கியது என்பதைத் தோழர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த வித்தை ஒரு வீட்டோடு நிற்பதல்ல.

முதலில், வீடு பழையது, தேய்மானம் என்று நூற்றுக்கு முப்பது வெட்டினார்கள். 1,10,000 போய் 77,000 ஆயிற்று. பிறகு சராசரி ஷரத்து என்ற ஒன்றை எடுத்தார்கள். வீட்டின் மதிப்பு 12 லட்சமாம். இன்ஷூரன்ஸ் போட்டிருப்பதோ 8 லட்சத்துக்குத்தானாம். ஆகவே மூன்றில் இரண்டு பங்குதான் இன்ஷூர் ஆகியிருக்கிறது, மூன்று ரூபாய் நஷ்டத்துக்கு இரண்டு ரூபாய்தான் தரமுடியும் என்றார்கள். 77,000-ல் மூன்றில் இரண்டு, 51,333.

சரி, 8 லட்சம் என்று தீர்மானித்தது யார்? தொழிலாளியா? அல்ல. பாங்கு! கொடுத்த கடன் 8 லட்சம். அந்தத் தொகைக்கே பாலிசி எடுத்தார்கள். பாங்கு தன் கடனைத்தான் இன்ஷூர் செய்தது, இவருடைய வீட்டை அல்ல. பிரீமியம் மட்டும் இவர் தலையில். பாலிசி விற்றதற்கான கமிஷன் பாங்குக்கு. நஷ்டஈட்டுச் செக் யார் பெயருக்கு வரும் என்று பார்த்தால், அதுவும் பாங்கின் பெயருக்கு! அடமானம் இருக்கும்வரை பணம் பாங்குக்கே போகவேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது.

இதிலே பெரிய புரட்டு எது என்றால், வீடுகளுக்கு இந்தச் சராசரி வெட்டே கிடையாது! 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் வீடுகளுக்கு "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்கவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. குறைத்து இன்ஷூர் செய்திருந்தாலும் அதைக் காரணம் காட்டி வீட்டுக்கான நஷ்டஈட்டை வெட்டக்கூடாது என்பது அந்தப் பாலிசியின் ஷரத்து. இவருடைய பாலிசியின் முதல் பக்கத்திலேயே அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தன் கம்பெனி விற்ற பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஆபீசருக்குத் தெரியாதா? தெரியும். கேட்க ஆள் வராது என்ற தைரியம்!

கையெழுத்து விவகாரம்

அந்தத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி மூன்று தடவை போன் வந்ததாம். "போடாட்டி இதுவும் வராது" என்றார்களாம்.

பட்டினி கிடப்பவன் முன்னால் பாதிச் சோற்றை வைத்து, வயிறு நிறைந்தது என்று எழுதிக்கொடு என்பது போலத்தான் இது. இப்படிக் கையெழுத்து வாங்கிவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று கம்பெனி சொல்ல முடியுமா என்ற கேள்வி, ஒரு பஞ்சு ஆலையின் வழக்கில் 1999-ல் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. கையெழுத்துப் போட்ட ஒரே காரணத்தால் ஒருவன் தன் உரிமையை இழந்துவிட மாட்டான். மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கிய கையெழுத்து என்று காட்டினால் மேலே கேட்கலாம் என்று கோர்ட்டு சொன்னது. ஆனால் தோழர்கள் இதன் மறுபாதியையும் கவனிக்க வேண்டும். நிர்ப்பந்தம் என்பதை நாம்தான் நிரூபிக்கவேண்டும். அந்த ஆலையால் அது முடியவில்லை, தோற்றது. வக்கீல் பட்டாளம் வைத்திருக்கும் மில் முதலாளிக்கே அந்தக் கதி என்றால், நமது ஆள் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. வாங்கும் முன்பே, "இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆட்சேபத்துடன் பெறுகிறேன், பாக்கியைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அன்று ராத்திரியே எழுதினோம்.

சர்வேயர் ரிப்போர்ட்டின் நகல் கேட்டோம். கேட்டால் தரவேண்டியது விதி. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகே தந்தார்கள். முப்பது சதவிகிதத் தேய்மானம் பாலிசியின் எந்த ஷரத்தின்படி என்று கேட்டோம். பதில் இல்லை. சர்வேயர் எழுதியதே இறுதி என்று வாயால் சொன்னார்கள். அது பச்சைப் பொய். சர்வேயரின் ரிப்போர்ட்டு கடைசி வார்த்தை அல்ல என்று 2009-லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுப் போட்டோம். ஆம்பட்ஸ்மன் என்பார்கள். வக்கீல் தேவையில்லை, அனுமதியே இல்லை. கட்டணமும் இல்லை. கம்பெனிக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். 50 லட்ச ரூபாய்வரை விசாரிக்கலாம். விசாரணைத் தேதி குறித்தார்கள். அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து அதே ஆபீசர் போன் செய்தார். குரலே மாறிப்போயிருந்ததாம்! சராசரி வெட்டு "கணக்கில் ஏற்பட்ட தவறாம்". தேய்மானத்தையும் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ரூ. 1,02,000 வந்தது. வெள்ளம் வந்து சரியாக ஒரு வருஷம்.

தையல் மிஷின் வரவில்லை. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"கையெழுத்துப் போட்டவன் நீதானே?"

கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒரு நியாயம் பேசுவார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், படிக்காமல் கையெழுத்துப் போட்டது உன் தப்பு என்பார்கள். நாற்பது பக்கம், பொடி எழுத்து, இங்கிலீஷ். அதை எழுதியவன் ஒருவன், விற்றவன் ஒருவன், பூட்டி வைத்தவன் ஒருவன். கட்டியவன் மட்டும் படித்திருக்க வேண்டுமாம். இரண்டு பேர் சமமாக உட்கார்ந்து பேசி எழுதினால் அது ஒப்பந்தம். ஒருவன் எழுதி மற்றவன் பெருவிரலைப் பிடித்து அழுத்தினால் அதற்கு வேறு பெயர் உண்டு. பண்ணையாள் முறியைக் கண்ட குடும்பங்களுக்கு அந்தப் பெயர் தெரியும்.

இன்னொரு நியாயம், ஜனங்கள் பொய்க் கணக்குக் கொடுக்கிறார்கள் என்பது. கொடுக்கிறவன் இல்லையா? இருக்கிறான். தன் குடோனுக்குத் தானே நெருப்பு வைக்கிறவனும் இருக்கிறான். அவன் சர்வேயரோடு எங்கே உட்கார்ந்து பேசுகிறான் என்பது ஊருக்கே தெரியும். அவன் பெயரைச் சொல்லி நம்மை வெட்டுகிறார்கள்.

இந்தச் சந்தேகப் புத்தி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு நெல் வயலைப் பாருங்கள். 2016-ல் வந்தது பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம். விவசாயி கட்டுவது காரிப் பருவத்துக்கு நூற்றுக்கு 2, ரபிக்கு ஒன்றரை, பணப்பயிருக்கு 5. மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் கஜானாவிலிருந்து கொட்டுகின்றன. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளத் தேக்கம் போன்றவற்றால் ஒருவனுடைய வயல் மட்டும் நாசமானால் அதைத் தனியாகப் பார்த்து நஷ்டஈடு என்று முதலில் இருந்தது. 2018-ல் என்ன செய்தார்கள்? நெல்லுக்கு வெள்ளத் தேக்கத்தை அந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்! சொன்ன காரணங்களில் ஒன்று, விவசாயி இன்ஷூரன்சை நம்பித் தவறாக நடக்கக்கூடுமாம். அதாவது, நாற்று விட்டு, நடவு நட்டு, களை பறித்து, கடன் வாங்கி உரம் போட்டவன், மடையைத் திறந்து தன் நெல்லைத் தானே மூழ்கடிப்பான் என்று டில்லி மேதாவிகள் அஞ்சினார்கள்!

அதற்குப் பிறகு நெல் மூழ்கினால் கிராமக் கணக்குத்தான். ஏழு வருடத்தில் நல்ல ஐந்து வருடத்தின் சராசரி விளைச்சலை எடுத்து, அதிலும் ஒரு பங்கைக் கழித்து ஒரு வரம்பு கட்டுவார்கள். ஊரில் சில வயல்களில் அறுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். ஊர் விளைச்சல் வரம்புக்குக் கீழே போனால்தான் பணம். மேட்டுவயல் விளைந்து, வாய்க்கால் ஓரத்துப் பள்ளவயல் அழுகியிருந்தால் பள்ளத்தானுக்குப் பட்டை நாமம். மேட்டு நிலம் யாருடையது, பள்ள நிலம் யாருடையது என்று நான் சொல்லவேண்டுமா? ஏழு வருடம் கத்திய பிறகு, 2025 நவம்பரில், 2026 காரிப் முதல் நெல்லுக்கு வெள்ளத் தேக்கத்தை மறுபடியும் சேர்ப்பதாக அறிவித்தார்கள். நஷ்டத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கரண்டும் இல்லாமல், பாதையும் இல்லாமல், போன் கோபுரமும் செத்துக் கிடக்கும் மூன்று நாள்தான் அந்த 72 மணி நேரம் என்பது அவர்களுக்குத் தெரியாதது அல்ல.

வாய்மொழிக் குத்தகைக்காரனுக்கு அடங்கலில் பெயர் ஏறாததால் இன்ஷூரன்ஸே இல்லை. அறுப்புக் கூலியை நம்பியிருந்த விவசாயத் தொழிலாளிக்கோ, நெல் அழுகினால் கூலியும் அழுகிற்று. அதை எந்தக் கம்பெனியும் இன்ஷூர் செய்யவில்லை. பாங்குக் கடனில் அவள் வாங்கிய ஒற்றைப் பசுவை மட்டும் இன்ஷூர் செய்தார்கள். பசு வெள்ளத்தில் செத்தது. கால்நடை டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறது. காது வில்லை வெள்ளத்தில் அறுந்துவிட்டது. வில்லை இல்லையேல் நஷ்டஈடு இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நாம் கட்டியதை யார் ஆள்கிறார்கள்?

1971-ல் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நிர்வாகத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1973 ஜனவரி முதல் 107 கம்பெனிகள் நாலு அரசுக் கம்பெனிகளாயின. அதில் ஒன்றுக்குச் சென்னையே தலைமையகம். 1999-ல் சட்டம் போட்டு மறுபடி தனியார் முதலாளிக்குக் கதவைத் திறந்தார்கள். அந்நிய மூலதனத்துக்கு முதலில் 26 சதவிகிதம், 2015-ல் 49, 2021-ல் 74, 2025 பட்ஜெட்டில் 100 என்று அறிவிப்பு. நாலு அரசுக் கம்பெனிகளிலும் சர்க்காரின் பங்கு 51-க்குக் கீழே போகலாம் என்று 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள். அரசுக் கம்பெனி எல்லாம் யோக்கியம் என்று நான் வாதாடவில்லை. மேலே சொன்ன 1999 வழக்கில் பஞ்சு ஆலைக்கு எதிரே நின்றதே ஒரு அரசுக் கம்பெனிதான். ஆனால் அரசுக் கம்பெனியை எம்.பி. பார்லிமெண்டில் கேள்வி கேட்கலாம். நாம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எத்தனை கிளைமை நிராகரித்தாய் என்று கேட்கலாம். தனியார் முதலாளியின் கதவில் அந்த மனுவை ஒட்டக்கூட இடம் இல்லை.

நமது தோழர்கள் சிலரே என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். "இதெல்லாம் சொத்துள்ளவன் பிரச்னை. இன்ஷூரன்சே முதலாளித்துவ ஏற்பாடு. அதற்கு மனு எழுதிக்கொண்டு உட்காருவது நம்ம வேலையா?" என்றார்கள். இரண்டு அறை ஓட்டு வீடும் ஒரு தையல் மிஷினும் சொத்து என்றால், இருபது வருஷம் ரிங் பிரேமுக்கு முன்னால் நின்று நரம்பு புடைத்த கால்களையும் அந்தச் சொத்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். போனஸ் கணக்கை முதலாளி புரட்டினால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம் அல்லவா? இதுவும் அவன் கூலியிலிருந்து பிடித்த பணம்தான்.

ஆகவே, வேலை. கடன் வாங்கிய ஒவ்வொருவரும் பாங்கில் பாலிசி நகலை இன்றே கேட்டு வாங்க வேண்டும். சாமானுக்கும் சேர்த்தா, கட்டிடத்துக்கு மட்டுமா, எவ்வளவு தொகைக்கு என்று பார்க்க வேண்டும். நஷ்டம் வந்தால் சேற்றைக் கழுவும் முன்பே, தண்ணீர்க் கோடு தெரியும்படி படம் எடுக்க வேண்டும். உடைந்த சாமானைப் பழைய இரும்புக்காரனிடம் போடக்கூடாது. கடிதம், ரசீது, வாய்ப்பேச்சு உதவாது. இப்போது 2024 முதல் உள்ள விதி இன்னும் கண்டிப்பானது: தெரிவித்த 24 மணி நேரத்தில் சர்வேயர், அவருக்கு 15 நாள், ரிப்போர்ட்டு வந்த 7 நாளில் கம்பெனியின் முடிவு. காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கிளைமைத் தள்ளக்கூடாது என்றும் இருக்கிறது. ஆம்பட்ஸ்மனிடம் போகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கும் கட்டணம் இல்லை.

நமது பகுதியில் பாங்குகளுக்கு நகல் கேட்டு இதுவரை 43 கடிதம் கொடுத்திருக்கிறோம். பதினோரு பேருக்கு நகல் வந்திருக்கிறது. பதினொன்றில் ஒன்பது, கட்டிடத்துக்கு மட்டும். பசுக்காரம்மாள் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். வில்லை மாட்டிய அன்று எடுத்த படம் பாங்கின் பைலில் இருக்கிறது. அதைக் கொண்டுவா என்று கேட்டிருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்குத் தெருவில் உள்ள பெண்கள் பதினைந்து பேரும் கூடவே வருகிறார்கள்.